கொடியை உட்கார்ந்து பிடிக்கக் கூடாதாம்

டெல்மிரா எங்கள் பள்ளியை விட்டுப் போன நாள் ஜூன் இருபத்தொன்று. கொடி நாளுக்கு மறுநாள். இருபத்திரண்டு வருஷம் அங்கே தரை துடைத்தவள், பிள்ளைகளுக்குப் பால் காய்ச்சி ஊற்றியவள். ஒன்றரை மணி நேரப் பயணத் தூரத்தில் இருந்த வேறொரு பள்ளிக்கு மாற்றல் தாளோடு பேருந்து ஏறினாள். அரசாங்கம் அவ்வளவு வேகமாக வேலை செய்து நான் பார்த்ததே இல்லை. வழியனுப்ப ஆசிரியர் ஒருவரும் வரவில்லை. அங்கே தற்காலிக ஆசிரியையாக இருந்த நானும் போகவில்லை.

அவள் செய்த குற்றம், ஒரு நாற்காலியில் உட்கார்ந்தது.

அர்ஜென்டினா முழுக்க வழக்கம் இதுதான்: கடைசி வகுப்பில் முதல் மதிப்பெண் வாங்கும் பிள்ளைதான் விழாவில் கொடி ஏந்தும். அந்த ஆண்டு ஏழாம் வகுப்பில் முதல் மதிப்பெண் டெல்மிராவின் மகள் லுஹானுக்கு. லுஹான் சக்கர நாற்காலியில் பள்ளிக்கு வருபவள். டெல்மிரா அவளுடைய வெள்ளை மேலங்கிக்குக் கஞ்சி போட்டு மடித்து வைத்திருந்தாள். விழாவுக்கு இரண்டு நாள் முன்பு தலைமையாசிரியை ஒதிலியா கூப்பிட்டார். டெல்மிரா போட்டுக் கொடுத்த மாத்தே இலைத் தேநீரை உறிஞ்சிக்கொண்டே சொன்னார்:

"மனசுல வச்சுக்காத டெல்மிரா. கொடியை நின்னுதான் பிடிக்கணும், அதுதான் மரியாதை. பாப்பாவுக்கு ஒரு கவிதை குடுத்துருவோம். அழகா வாசிக்கும்."

"அவ கவிதையில மட்டும் முதல் மார்க் வாங்கல மேடம். எல்லாத்துலயும் வாங்கினா."

"சட்டம்னு ஒண்ணு இருக்குல்ல?"

"எதுல எழுதியிருக்கு? காட்டுங்க."

அவர் காட்டவில்லை. காட்ட எதுவும் இல்லை. அன்றே டெல்மிரா கல்வி அலுவலகத்துக்குப் போய்ப் புகார் எழுதிக் கொடுத்தாள்.

கொடி நாளன்று, இரண்டாம் மதிப்பெண் வாங்கிய பெண் கொடியோடு வந்தாள். லுஹானைக் கடைசி வரிசையில் தூணோரம் நிறுத்தியிருந்தார்கள். தேசிய கீதம் தொடங்கியதும் முற்றமே எழுந்தது. டெல்மிரா மகளைத் தள்ளிக்கொண்டு கொடிக்கு நேர் எதிரே வந்தாள். ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தாள். உட்கார்ந்தபடியே உரக்கப் பாடினாள்.

"ஏய், எந்திரிடி! கீதம் ஓடுது!" என்றாள் விழா பார்க்க வந்திருந்த கசாப்புக் கடைக்காரி.

"என் மக உக்காந்திருக்கறது அவமரியாதைன்னா, நானும் பண்றேன் அவமரியாதை. போலீசக் கூப்பிடு."

"வெக்கங்கெட்டவ!"

"வெக்கமா? அது இருந்தா நீங்கல்லாம் இந்நேரம் உக்காந்திருப்பீங்க."

யாரும் உட்காரவில்லை. நானும் நின்றேன். நாட்டை அவமதித்தவள் என்று அவளுக்குப் பட்டம் கட்டினார்கள். பட்டம் கட்டிய அதே வாய்கள், அரை மணி கழித்து, அவள் காய்ச்சி வைத்த சாக்லேட் பாலை வரிசையில் நின்று வாங்கிக் குடித்தன. ஒரு குழந்தையின் உரிமையைப் பிடுங்கிய தலைமையாசிரியையிடம் ஒரு வரி விளக்கம்கூட யாரும் கேட்கவில்லை.

பிறகு நான் நாலு வருஷம் நாடு நாடாகத் திரிந்தேன். திரும்பி வந்ததும் டெல்மிராவைத் தேடிப்போய் மன்னிப்புக் கேட்டேன்.

"நின்னது நின்னாச்சு. மாத்தே குடிக்கறியா?" என்றாள். லுஹானுக்கு இப்போது பதினாறு வயது. உயர்நிலைப் பள்ளிக்குப் போயிருந்தாள்.

முந்தின வாரம் வந்த ஒரு கடிதத்தை டெல்மிரா என்னிடம் நீட்டினாள். அன்று எழுதிக் கொடுத்த புகாருக்குப் பதில்:

"தங்கள் மனு பரிசீலிக்கப்பட்டது. அமர்ந்த நிலையில் கொடி ஏந்துவதற்கு எந்த விதியும் தடையாக இல்லை. மாணவி தற்போதும் ஏழாம் வகுப்பில் பயின்றுவரும் பட்சத்தில், வரும் கொடி நாளில் இவ்வுரிமையைப் பயன்படுத்திக்கொள்ளலாம்."