பெட்டியில் ஏற்கெனவே இருந்த எண்

பக்கத்தில் யாராவது ஒரு வேலையோடு மல்லுக்கட்டினால் பவித்ராவால் சும்மா இருக்க முடியாது. தானே போய் அதைச் சுலபமாக்கிக் கொடுத்துவிட்டுத்தான் மறுவேலை. ஊரில் இதை நல்ல குணம் என்பார்கள். அந்தச் செவ்வாய்க்கிழமை வரை அவளும் அப்படித்தான் நினைத்திருந்தாள்.

ஸ்ரீரங்கத்தில் சித்திரை வீதியை ஒட்டிய சந்தில் ரெங்கராஜ் நடத்தும் ரத்தப் பரிசோதனை நிலையத்தில் பில் போடத்தான் அவளைச் சேர்த்தார்கள். கணவன் ஜெயக்குமார் துவாக்குடியில் லேத் ஓட்டுகிறான். படித்த பி.சி.ஏ. வீணாகப் போகிறதே என்ற அரிப்பு அவளுக்கு எப்போதும் உண்டு. பிரிண்டர் மக்கர் பண்ணினாலும் அவள்தான், நெட் போனாலும் அவள்தான் என்றாகி, கடைசியில் நோட்பேடில் ஒரு பேட்ச் ஃபைலே எழுதிவிட்டாள். மெஷின் தரும் ரத்த அளவுகளில் பெயர் இருக்காது. டோக்கன் எண்ணைக் கொடுத்தால் போதும், அந்த ஃபைலே ஆளின் பெயரைச் சேர்த்து, ரிப்போர்ட்டாக்கி, அவரவர் போனுக்கு அனுப்பிவிடும்.

ரிப்போர்ட் பிரிவில் உட்காருகிற ஷரபுன்னிசாவுக்கு மட்டும் அது பிடிக்கவில்லை. திறந்ததும் கறுப்புத் திரை வந்து, ஒரு வெள்ளைக் கோடு மினுக் மினுக்கென்று நின்றது.

"என்னமோ கேக்குது, என்னன்னு சொல்ல மாட்டேங்குது. பயமா இருக்கு பவி."

பவித்ரா இரண்டு நாள் யூடியூபும் கையுமாக இருந்து கறுப்புத் திரையை ஒளித்தாள். இப்போது நடுவில் அழகாக ஒரு பெட்டி வந்து 'டோக்கன் எண்?' என்று தமிழிலேயே கேட்டது. அதற்கும் ஒரு குறை வந்தது. ஒரே ஆளுக்கு சர்க்கரை, கிட்னி, கொழுப்பு என்று மூன்று ரிப்போர்ட் இருந்தால் மூன்று தடவையும் எண்ணை அடிக்க வேண்டும். கையுறையைக் கழற்றி மாட்டியே விரல் தேய்ந்தது என்றாள் ஷரபுன்னிசா. பவித்ரா இன்னும் ஒரு வரி சேர்த்தாள். கடைசியாக அடித்த எண் பெட்டியில் தயாராக உட்கார்ந்திருக்கும், என்டரைத் தட்டினால் போதும். மறுநாள் ஷரபுன்னிசா வீட்டிலிருந்து பிரியாணி வந்தது.

அந்தச் செவ்வாய்க்கிழமை மதியம் பில்லோடு ரிப்போர்ட்டுகளை ஒப்பிட்டபோது டோக்கன் நாற்பதுக்குப் பிறகு நாற்பத்தொன்று இருந்தது. அடுத்தது நாற்பத்துமூன்று. நாற்பத்திரண்டுக்கு ரிப்போர்ட்டே இல்லை. பவித்ரா நாற்பத்தொன்றைத் திறந்தாள். செல்லக்கண்ணு, பச்சைமலை. சர்க்கரை நானூற்று முப்பத்தெட்டு. மெஷினில் போய்ப் பார்த்தாள். அவருடைய அளவு தொண்ணூற்றிரண்டு. நானூற்று முப்பத்தெட்டு அடுத்த ஆளுடையது. ஷரபுன்னிசா எண்ணை மாற்றாமல் என்டரைத் தட்டியிருக்கிறாள்; அது அவருடைய சரியான ரிப்போர்ட்டின் மேலேயே பதிந்து அவர் போனுக்குப் போயிருக்கிறது. பெட்டியில்தான் எண் தயாராக இருந்ததே.

காலையில் பில் போடும்போது அந்தப் பெரியவர் செல்லக்கண்ணு தோள்பையைத் திறந்து, குட்டி ஃபிளாஸ்கில் இருந்த இன்சுலினைக் காட்டினார். சர்க்கரை முந்நூறைத் தாண்டினால் சாப்பாட்டுக்கு முன்னால் கூடுதலாகப் போட்டுக்கொள்ள டாக்டர் சொல்லியிருப்பதாகப் பெருமையாகச் சொன்னார். தொண்ணூற்றிரண்டில் இருக்கிற உடம்பில் அந்த ஊசி ஏறினால் ஆள் எழுந்திருக்க மாட்டார்.

போன் போட்டாள். தொடர்பு எல்லைக்கு வெளியே. திரும்பவும் அதே குரல். ரெங்கராஜின் அறைக்கு ஓடினாள்.

"சார், நாற்பத்தொண்ணுக்குத் தப்பு ரிப்போர்ட் போயிடுச்சு. ஊசி போட்டுக்குவாரு. செத்துருவாரு சார்."

ரெங்கராஜ் கதவைச் சாத்தினார். "மெதுவாப் பேசும்மா, வெளிய ஆள் உட்கார்ந்திருக்காங்க. நம்ம வாயாலயே தப்புன்னு ஊரைக் கூட்டணுமா? கொஞ்சம் பொறு, சிக்னல் வரட்டும்."

"மலையேறிட்டா சிக்னல் எங்க சார் வரும்?" அவள் சத்தம் போட்டே சொன்னாள். "தப்பு நான் பண்ணது. எழுதினது நானு. என்னை வேலையை விட்டு அனுப்புங்க. இப்ப அவரை நிறுத்துங்க."

ரெங்கராஜ் அவள் முகத்தைப் பார்த்தார். அப்புறம் தன் போனை எடுத்தார். பச்சைமலைக்குப் போகிறவர் துறையூரில்தான் பஸ் மாற வேண்டும்; அந்த பஸ் ஸ்டாண்டில் அவருடைய சகலைதான் டைம் கீப்பர். மலைக்கு நாளுக்குச் சில பஸ்தான், மதிய வண்டி இன்னும் கிளம்பவில்லை என்றார் சகலை. சகலை போனைக் கையில் வைத்துக்கொண்டே ஓடினார். இஞ்சின் சத்தம், கூட்டத்தின் இரைச்சல், "பச்சைமலை செல்லக்கண்ணு யாருங்க, செல்லக்கண்ணு!" என்ற கூப்பாடு. பவித்ரா மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பின்னாலேயே வந்திருந்த ஷரபுன்னிசா அழுதுகொண்டிருந்தாள், அவளைத் தேற்றக்கூட யாருக்கும் தோன்றவில்லை.

"யாருங்க?" போனில் பெரியவரின் குரல் வந்தது.

"ஐயா, லேப்ல இருந்து பவித்ரா பேசறேன். ஊசி போட்டுட்டீங்களா?"

"மருந்தை ஏத்தி வச்சுட்டேம்மா. புளிசாதம் வாங்கியிருக்கேன், போட்டுட்டுச் சாப்பிடலாம்னு இருந்தேன்."

"போடாதீங்க ஐயா! அந்த ரிப்போர்ட் உங்களுது இல்ல. உங்களுக்குத் தொண்ணூத்திரண்டுதான். அந்தக் கூடுதல் ஊசி வேண்டாம், டாக்டர்கிட்ட பேசாம எதுவும் போடாதீங்க. மன்னிச்சிருங்க."

பவித்ராவின் கண் நிறைந்துவிட்டது. இனி எவ்வளவு திட்டினாலும் வாங்கிக்கொள்ளலாம் என்றிருந்தது.

பெரியவர் திட்டவில்லை. "அப்ப அந்த நானூத்திச் சொச்சம் யாருதும்மா? அவங்களுக்குச் சொல்லிட்டீங்களா?"

இவ்வளவு நேரமும் இந்த ஒரு உயிருக்காகவே ஓடியிருக்கிறாள். நாற்பத்திரண்டு என்று ஒரு ஆள் இருப்பதே மறந்துபோயிருக்கிறது.

பதிவைத் தேடினாள். அமிர்தம், அம்மா மண்டபம் ரோடு. போன் போட்டாள், மணி அடித்தது. நாதஸ்வரமும் பாத்திரச் சத்தமும் பின்னால் கேட்க, ஒரு அம்மாள் சந்தோஷமாக எடுத்தாள்.

"சொல்லும்மா! பேத்திக்குக் காதுகுத்து, மண்டபத்துல இருக்கேன்."

"அம்மா, உங்க சர்க்கரை ரிப்போர்ட்..."

"வரலையேம்மா. சர்க்கரை கூடுதலா இருந்தா உடனே கூப்பிடுவோம்னு நீதானே காலைல சொன்ன? நீ கூப்பிடல, எனக்கு அப்பாடான்னு இருந்துச்சு. ரெண்டு வருஷம் கழிச்சு இன்னிக்குத்தான் பயமில்லாம பாயசம் குடிச்சேன். ரெண்டு டம்ளர்."

"எந்த மண்டபம்னு சொல்லுங்கம்மா," என்றாள் பவித்ரா. ரெங்கராஜ் அதற்குள் ஸ்கூட்டர் சாவியை எடுத்து அவள் கையில் வைத்திருந்தார். "பக்கத்துல யாரையாவது உட்காரச் சொல்லுங்க. நான் வரேன். இனிமே எதையும் வாயில வைக்காதீங்க."

"ஏம்மா," என்றாள் அமிர்தம். அவள் குரலில் இருந்த சிரிப்பு போய்விட்டது. "எவ்வளவு இருக்கு?"