பறிசோதனை

அச்சகத்தில் அவருக்கு 'ஒற்றர்' என்று பெயர். வேவு பார்க்கிற ஆளில்லை, பாவம், பிழை திருத்துகிறவர். க், ச், த், ப் எங்கே விடுபட்டாலும் மனிதருக்குச் சோறு இறங்காது. முப்பத்தொரு வருஷம் சிவப்புப் பேனாவும் கையுமாக உட்கார்ந்து, ஊரார் எழுத்தையெல்லாம் ஒரு வழி பண்ணிவிட்டார்.

அப்பேர்ப்பட்டவருக்கு இதயத்தில் மூன்று அடைப்பு. நெஞ்சைத் திறந்து, சரிசெய்து, தைத்து வீட்டுக்கு அனுப்பினார்கள். இதயம் ஜம்மென்று ஓடியது. மண்டைதான் மக்கர் பண்ணியது. தம்ளரைக் கையில் வைத்துக்கொண்டே, "அந்த... குடிக்கிறது எங்க?" என்பார். ஒரே பக்கத்தை நாலு தடவை படித்துவிட்டு, கதை விறுவிறுப்பாகப் போகிறது என்பார். மனைவி எதிரில் சிரித்துச் சமாளித்தாள், குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள். அவருக்கும் உள்ளூர உதறல்தான். திங்கட்கிழமை வேலைக்கு வரலாம், ஆனால் மூளை தெளிவாக இருக்கிறதென்று டாக்டர் கடிதம் வேண்டும் என்று முதலாளி சொல்லிவிட்டார். அந்த நாற்காலி போய்விட்டால் அப்புறம் தான் யாரென்றே அவருக்குத் தெரியவில்லை.

மனைவியைக் கூட்டிக்கொண்டு போனார். டாக்டர் சின்ன வயதுப் பெண். "பெரிய ஆபரேஷனுக்கு அப்புறம் உடம்பு முழுக்க அழற்சி கிளம்பும் சார். காயத்தை ஆத்துறதுக்கு உடம்பு செய்ற வேலைதான். சில பேருக்கு அது மூளையையும் தொட்டுடும். பல பேருக்குச் சில மாசத்துல தெளிஞ்சிடும். உங்களுக்கு எப்படி இருக்குன்னு பாத்துடலாம்."

ஐந்து வார்த்தைகள் எழுதிய அட்டையைக் காட்டி, நினைவில் வைத்துக்கொள்ளச் சொல்லி மறைத்தாள். பிறகு ஒரு தாளை நீட்டினாள். தலைப்பு: 'நினைவுத்திறன் பறிசோதனை'.

அவர் முகம் மலர்ந்தது. "என்கிட்டேருந்து பறிக்கிறதுக்கு இன்னும் என்னம்மா இருக்கு?" என்று சட்டைப்பையிலிருந்து பேனாவை உருவி, 'றி'யை அடித்து 'ரி' போட்டார். அவ்வளவுதான், குஷி பிறந்துவிட்டது. 'கோடிட்ட இடத்தை நிறப்புக' என்ற வரியில், "வண்ணம் அடிக்கணுமா?" என்று கேட்டு, நெஞ்சுத் தையல் வலிக்க வலிக்கச் சிரித்தார். நூற்றிலிருந்து ஏழேழாகக் கழிக்கச் சொன்னதற்கு மட்டும் தொண்ணூற்று மூன்றிலேயே குடித்தனம் நடத்தினார்.

"முதல்ல அஞ்சு வார்த்தை காட்டினேனே, ஞாபகமிருக்கா சார்?"

வெகுநேரம் யோசித்தார். "ஒண்ணுகூட வரலம்மா. ஆனா மூணாவதுல ஒரு 'த்' விட்டுப்போயிருந்துச்சு."

டாக்டர் அட்டையைத் திருப்பிப் பார்த்தாள். 'பட்டு துணி'. மூன்று பேரும் கண்ணில் நீர் வரச் சிரித்தார்கள். சிரித்துக்கொண்டேதான் அவள் கடிதத்தை எழுதிக் கொடுத்தாள்.

வெளியே பெஞ்சில் உட்கார்ந்து அவர் அதைப் பிரித்தார். 'இவரை இப்போது வேலைக்குச் சேர்க்க வேண்டாம். மூன்று மாதம் கழித்து மீண்டும் பார்க்கலாம்.' பிழை தேடினார். மூன்று தரம் தேடினார். ஒரு புள்ளிகூடப் பிசகவில்லை.

பேனா வெளியே வந்தது. 'வேண்டாம்' என்பதில் 'டா'வை 'டு' ஆக்கினால் போதும்.

தோளுக்கு மேல் எட்டிப் பார்த்த மனைவிக்கும் அது புரிந்தது. "போட்டுடுங்க," என்றாள் மெதுவாக. "ஒரு எழுத்துதானே."

பேனா முனை தாளைத் தொட்டது. பிறகு மூடியைப் போட்டுவிட்டார்.

"சரியா எழுதினதைத் திருத்தினா அதுதான் பிழை," என்று கடிதத்தை அவளிடம் கொடுத்தார். "முதலாளிகிட்ட நீயே கொண்டுபோய்க் குடு. அச்சகத்துக்கு எப்படிப் போறதுன்னு எனக்கு ரெண்டு நாளா ஞாபகம் வரல."