புளி போட்ட இருபது காசு

“ஆகஸ்ட் 12, செவ்வாய், காலை 7.50. கெலுகோர், அப்பக் கடை. இருபது காசு, இந்த ஆண்டு. சில்லறையில் வந்தது. மின்னுகிறது.”

என் குறிப்பேட்டில் அன்று எழுதியது இவ்வளவுதான். கடைசிச் சொல்லைப் பிறகு அடித்தேன். மற்றதை அடிக்கச் சொன்னார்கள், மறுத்துவிட்டேன்.

ஒவ்வோர் ஆண்டும், அந்த ஆண்டின் எண் பொறித்த நாணயம் முதன்முதலாக என் கைக்கு வரும் நாளைக் குறித்துவைக்கிறேன். விலைக்கு வாங்குவதில்லை. வங்கியில் மாற்றியதாகவோ கடையில் மீதியாக வந்ததாகவோ இருக்க வேண்டும். பார்த்து, படமெடுத்து, எழுதிவிட்டுச் செலவழித்துவிடுவேன். நாணயம் சேகரிப்போரின் இணையக் குழு ஒன்று, எந்த ஊரில் எந்த நாணயம் முதலில் தென்பட்டது என்று பட்டியல் வைத்திருக்கிறது. அதில் எங்கள் பினாங்குக்கு நேரே பெரும்பாலும் ‘தகவல் இல்லை’ என்றிருக்கும், நாங்கள் காசே புழங்காதவர்கள் போல. இந்த முறை அந்தக் கட்டத்தை நிரப்பிவிடுவது என்று படத்தை அனுப்பினேன்.

பட்டியலைப் பார்த்துக்கொள்பவர் ஈப்போக்காரர், என்னைவிட இளையவர். அன்று மாலையே கூப்பிட்டார். இது நாணயச்சாலைப் பளபளப்பு இல்லை, யாரோ தேய்த்திருக்கிறார்கள் என்றார். வங்கிப் பாக்கெட்டிலிருந்து ஒன்று எடுத்துக் காட்டினால் சேர்த்துக்கொள்வாராம்.

மறுநாள் வங்கிக்குப் போனேன். முகப்பிலிருந்த பெண் பொறுமையாகத்தான் பேசினாள். “அங்கிள், வருஷம் பாத்தெல்லாம் கேக்க முடியாதுலா. வர்றதத்தான் குடுப்போம்.” இரண்டு பாக்கெட் வாங்கி அங்கேயே உட்கார்ந்து பிரித்தேன். எல்லாம் பழைய ஆண்டுகள்.

அங்கிருந்து நேரே அப்பக் கடைக்குப் போய், காசை யாராவது தேய்த்தார்களா என்று கடைக்கார அக்காவிடம் கேட்டேன். அவர் முகம் மலர்ந்துவிட்டது.

“நீங்கதானேண்ணே புதுக்காசு புதுக்காசுன்னு கேட்டீங்க? வெள்ளிக்கெழம சாமி வெளக்கு தேய்க்கிறப்ப மஞ்சக் காசையும் புளியில போட்டுத் தேச்சு, உங்களுக்குன்னு தனியா எடுத்து வைக்கிறேன்.”

புதுக்காசு என்றால் எனக்கு ஆண்டு, அவருக்குப் பளபளப்பு. எத்தனை வெள்ளிக்கிழமைகள் எனக்காகத் தேய்த்தாரோ தெரியாது. நன்றி சொல்லிவிட்டு நான்கு அப்பம் கூடுதலாக வாங்கிக்கொண்டேன்.

மறைக்க எனக்கு மனமில்லை. ஈப்போக்காரரைக் கூப்பிட்டு நடந்ததை அப்படியே சொன்னேன். சிரித்தார்.

“அப்ப முடிஞ்சிச்சுண்ணே. கழுவுன காசு லிஸ்ட்ல ஏறாது. நீங்களே வாபஸ் வாங்கிக்குங்க. அப்பக் கடைய நம்பி ரெக்கார்டு எழுத முடியுமா?”

“வெளக்கத் தேச்சா வெளக்கோட வயசு மாறுமா தம்பி? வருஷத்த அச்சுதான் எழுதும், புளி எழுதாது. அந்தக்கா கையில இருந்து வந்துச்சு. அப்படித்தான் இருக்கும், எடுக்க மாட்டேன்.”

நாணயத்தையாவது அனுப்புங்கள், பார்க்கிறேன் என்றார். அதை நான் புதன்கிழமை காலை வங்கிக்குப் போகும்போதே பேருந்துக் கட்டணப் பெட்டியில் போட்டுவிட்டேன். அதற்காக வருத்தப்படவும் இல்லை. ஊருக்குள் புழங்கத்தானே அச்சடித்தார்கள்?

பட்டியலில் பினாங்கு இன்றும் ‘தகவல் இல்லை’ என்றே இருக்கிறது. ஒவ்வொரு மாதமும் முதல் தேதி அதே படத்தை, ‘தகவல் இருக்கிறது’ என்ற இரண்டு சொற்களோடு குழுவுக்கு அனுப்புகிறேன். என் குறிப்பேட்டில் ‘மின்னுகிறது’ என்பதை ஒற்றைக் கோட்டால் அடித்து, பக்கத்தில் ‘கழுவியது’ என்று எழுதியிருக்கிறேன். மற்றவை பேனா மையில் அப்படியே இருக்கின்றன.

அந்தக் காசு அக்காவிடம் எப்படி வந்தது என்று மட்டும் தெரியவில்லை. கடலுக்கு அக்கரையிலிருக்கும் மாக் மண்டின் தொழிற்சாலைச் சீருடையில் வந்த ஒருவர் கைநிறையச் சில்லறை கொடுத்ததாக அவருக்கு ஒரு நினைவு. அப்படியானால் பினாங்குத் தீவுக்கு வருமுன் அது அக்கரையில் புழங்கியிருக்கலாம். அந்த ஆள் மறுபடி கடைக்கு வரவில்லை. இது சரிபார்க்கப்படவில்லை.