பஸ்ஸில் கேட்ட தங்கத்தின் கதை

பிழையாக எழுதிவிடுவேனோ என்ற பயத்தில் பல வருடங்களாக இதை எழுதாமலே இருந்தேன்.

போர்நிறுத்தத்தில் பாதை திறந்திருந்த காலம். மனைவியின் மார்பில் ஒரு கட்டி. வற்றாப்பளை அம்மனுக்கு நேர்த்தி வைத்து மன்றாடியபடி, வவுனியா ஆஸ்பத்திரிக்குப் போக மாங்குளத்தில் பஸ் ஏறினோம். பக்கத்தில், வெளிநாட்டில் ஆராய்ச்சி செய்யும் ஒரு பெண்; கட்டியையும் நேர்த்தியையும் மனைவி அவரிடம் சொல்லிவிட்டாள். நரை ஓடிய குட்டை முடி. கதைக்கும்போதெல்லாம் சின்ன டோர்ச்சை விரலில் அழுத்தி எரிப்பார்; விரல் சிவக்கும்.

"சிவப்பு வெளிச்சம் தசைக்குள்ளால வருது, பாத்தியளே? அதுக்கும் அங்கால கண்ணுக்குத் தெரியாத வெளிச்சம் இருக்கு. அது இன்னும் ஆழத்தில இருந்து வரும். நாங்கள் செய்யிற, தூசியிலும் சின்னத் தங்கத் துணிக்கையள் உடம்புக்குள்ள போய் அந்த வெளிச்சத்தை விடும். கமரா கட்டியைக் கண்டுபிடிக்கும்."

மனைவி உடனே தோட்டைக் கழற்றினாள். "பிறந்த பிள்ளைக்குத் தேனில பொன் உரைச்சு நாக்கில வைக்கிறனாங்கள். இதை உரைச்சுக் குடிக்கட்டே?"

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. அவர் சிரிக்கவில்லை. தோட்டைத் தன் கையாலேயே திரும்பப் பூட்டிவிட்டார்.

"இல்லை அக்கா, அது வேற. இப்ப எலியளிலதான் பாக்கிறம். அது கட்டியைக் காட்டும், சுகமாக்காது. உங்களுக்கு இண்டைக்கு டொக்டரின்ர கைதான் வேணும். நேர்த்தி வைச்சாச்சு எண்டு திரும்பிப் போயிடாதேங்கோ."

மனைவி திரும்பிவிடத்தான் நினைத்திருந்தாளாம். பிறகுதான் எனக்குச் சொன்னாள். அது அவருக்கு எப்படித் தெரிந்ததோ, இன்றும் விளங்கவில்லை.

சத்திரசிகிச்சை நடந்தது. அம்மன் காப்பாற்றினாள். ஊரிலோ, மனைவி தங்கம் குடித்துச் சுகமானாள் என்கிறார்கள். அதைக் கேட்டு யாரும் தோட்டை உரைத்துக்கொண்டு வீட்டில் இருந்துவிடுவார்களோ என்று பயமாயிருக்கிறது. நீங்கள் இந்தக் கதையைச் சொன்னால், பஸ்ஸில் அந்தப் பெண் சொன்னபடியே சொல்லுங்கள்.