எங்கள் வீட்டு மதச் சண்டை

என் வீட்டுக்காரருக்குச் சாப்பாட்டுத் தட்டு மட்டும் போதாது, எதிரே டிவியில் செய்தியும் ஓட வேண்டும். எங்கோ ஒரு நாட்டில் இடிந்து கிடக்கும் கட்டடங்களைக் காட்டுவார்கள். இவர் ரசத்தைப் பிசைந்தபடியே தீர்ப்புச் சொல்லிவிடுவார். எல்லாச் சண்டைக்கும் மதம்தான் காரணம், அது ஒழிந்தால் மனுஷன் நிம்மதியாக இருப்பான் என்று. ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போய் முன் வரிசையில் உட்காருகிற மனிதர் பேசுகிற பேச்சா இது என்று கேட்டால், உடனே சாட்சிக்கு ஆள் இழுப்பார்.

"வேற எங்கயும் போவ வேணாம். உன் அண்ணனையே எடுத்துக்கயேன்."

அதோடு என் வாய் அடைத்துவிடும். சட்டென்று அடைக்கிற வாய் இல்லை என்னுடையது. மலாக்கா பாச்சாங்கில் எங்கள் வீட்டு வரிசையில் எந்த வீட்டில் வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள். ஆனால் அண்ணன் பேச்சு வந்தால் மட்டும் எழுந்து பாத்திரம் கழுவப் போய்விடுவேன்.

அண்ணன் செலண்டாரில் இருக்கிறார். எண்ணெய் ஆலைக்குச் செம்பனைப் பழம் ஏற்றும் லாரி ஓட்டினார், இப்போது ஓய்வு. அங்கே ஓர் எஸ்டேட்டில்தான் நாங்கள் இரண்டு பேரும் பிறந்து வளர்ந்தோம். மாரியம்மன் திருவிழா என்றால் முன்னால் நிற்பது எங்கள் குடும்பம். நான் மலாக்கா டவுனுக்கு ஃபேக்டரி வேலைக்கு வந்தேன், ஒரு கிறிஸ்தவரைப் பிடித்துப்போய்க் கல்யாணம் கட்டினேன், ஞானஸ்நானமும் வாங்கிக்கொண்டேன். மகள் பிறந்தாள். அவள் தவழ ஆரம்பித்த சமயத்தில் அண்ணன் பேச்சை நிறுத்தினார். போன் அடித்தால் எடுப்பதில்லை. சாவு வீட்டில் எதிரே பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

ஏன் என்று யாரும் யாரையும் கேட்கவில்லை. கேட்க என்ன இருக்கிறது? தங்கச்சி மதம் மாறிவிட்டாள், கோவில் கமிட்டியில் இருக்கிற அண்ணனுக்குக் கோபம், அவ்வளவுதான் கதை. அங்கே கோவில் ஆட்கள் அவர் முதுகைத் தட்டிக் கொடுத்தார்கள். இங்கே சர்ச்சில் ஓர் ஆன்ட்டி, விசுவாசத்துக்காகக் கூடப் பிறந்தவனையே இழந்தவள் என்று என் கையைப் பிடித்துப் பாராட்டினார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்தப் பாராட்டைத் தூக்கி நான் உலையிலா போட முடியும்? எனக்கு என் அண்ணன் வேண்டும்.

வருஷங்கள் ஓடின. மகள் படித்து, வேலைக்குப் போய், அவளுக்குக் கல்யாணமும் நிச்சயமானது. மாப்பிள்ளை வீட்டார் தஞ்சோங் கிளிங்கில் இருக்கிறார்கள். அவர்களும் கிறிஸ்தவர்கள்தான், ஆனால் சடங்கு முறையை விடமாட்டார்கள். பொண்ணுக்கு மாலை எடுத்துக் கொடுக்கும் தாய்மாமன் யார் என்று சாதாரணமாகக் கேட்டார்கள். என் வீட்டுக்காரர் இருமிச் சமாளித்தார். அன்றைக்கு நான் வைத்த குழம்பில் உப்பே இல்லை. மாமன் இல்லாத மேடையில் என் பிள்ளை நிற்பதா? நேரில் போய் வெற்றிலை பாக்குத் தட்டு வைத்து அழைப்பேன், விரட்டினால் விரட்டட்டும் என்று முடிவு செய்தேன்.

சனிக்கிழமை காலையில் மூவரும் காரில் போனோம். அண்ணன் வீட்டு முனையில் வண்டியை நிறுத்திய என் வீட்டுக்காரர் இறங்க மாட்டேன் என்றுவிட்டார். தன் முகத்தைப் பார்த்தால் வருகிற மனுஷனும் வர மாட்டாராம். நல்ல வீரம் என்று சொல்லிவிட்டுத் தட்டோடு நானும் மகளும் நடந்தோம்.

அண்ணிதான் கதவைத் திறந்தாள். என்னைப் பார்த்ததும் அழுதுவிட்டாள், கையைப் பிடித்து உள்ளே இழுத்தாள். ஹாலில் அண்ணன் உட்கார்ந்து டிவி பார்த்துக்கொண்டிருந்தார். அங்கேயும் அதே இடிந்த கட்டடங்கள். தலை நன்றாக நரைத்திருந்தது. மகளை ஏற இறங்கப் பார்த்து, உட்காரச் சொன்னார். என்னை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. வழியெல்லாம் மனதுக்குள் ஒத்திகை பார்த்து வந்த பணிவான பேச்சு எனக்கு மறந்தே போய்விட்டது.

"நான் வேற சாமிய கும்பிட்டது அவ்ளோ பெரிய குத்தமாண்ணே? கும்பிட்டது நானு. இந்தப் புள்ள என்னா பண்ணுச்சு?"

அண்ணன் டிவி சத்தத்தைக் குறைத்தார். உண்மையாகவே திகைத்துப் போயிருந்தார்.

"சாமிக்கு இங்க என்னா வேலை? நீ ஞானஸ்நானம் எடுத்த பெறகு ரெண்டு கிறிஸ்மஸுக்கு வந்தேனே. ஒன் வீட்டுக் கோழிக்கறிய வேற எவன் தின்னான்?"

வந்தார். ஒரு மூட்டை ரம்புத்தான் பழத்தோடு வந்தார், தலையில் சிவப்புத் தொப்பி மாட்டிக்கொண்டு போட்டோவுக்கும் நின்றார். எப்படி மறந்தேன்? மதம்தான் காரணம் என்று எல்லோரும் சொல்லச் சொல்ல, அந்த இரண்டு கிறிஸ்மஸும் என் நினைவிலிருந்தே போய்விட்டன.

அண்ணன் என் மகளின் காதைக் காட்டினார். "இந்தக் காத யாரு மடியில வச்சுக் குத்துனீங்க?"

எங்களில் பிள்ளைக்குக் காது குத்துவது தாய்மாமன் மடியில். முதல் தோடும் மாமன் போடுவதுதான். வேறு எதற்கு அழைக்காவிட்டாலும் அதற்கு அழைக்க வேண்டும். நாங்கள் நாள் குறிப்போம் என்று அவர் காத்திருந்திருக்கிறார். நடந்தது வேறு. நான் ஷிஃப்டில் இருந்த ஒரு நாள், கிளினிக்கில் தடுப்பூசி போட பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போன என் வீட்டுக்காரர், திரும்பும் வழியில் நகைக்கடையில் காதையும் குத்திக் கூட்டி வந்துவிட்டார். பல தலைமுறையாக டவுனில் இருக்கிற குடும்பம், அவர்களுக்குக் காது குத்துவது என்றால் கடையில் ஐந்து நிமிட வேலை. நான் வீட்டையே இரண்டாக்கினேன். அண்ணனிடம் எப்படிச் சொல்வது என்று நான் தயங்கிக்கொண்டிருக்க, அதற்குள் யாரோ போய்ச் சொல்லியிருக்கிறார்கள், அது எனக்குத் தெரியாது. அவர் போன் எடுப்பதை நிறுத்தினார். ஊரே மதம் என்றது, நானும் நம்பிவிட்டேன்.

அண்ணி சாமி ரூமுக்குள் போய் ஒரு சின்னச் சிவப்பு டப்பாவைக் கொண்டுவந்து என் மகள் கையில் வைத்தாள். உள்ளே மிளகு அளவில் இரண்டு தங்கத் தோடு. அண்ணன் அதை முருகன் படத்துக்குப் பின்னால் வைத்திருந்தாராம், துடைக்கக்கூட யாரையும் தொட விடமாட்டாராம். நான் டப்பாவைப் பார்த்தேன், அண்ணனைப் பார்த்தேன், அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

"எங்க அந்த மனுஷன்? காருலயா ஒளிஞ்சிருக்காரு?" என்றார் அண்ணன்.

மகள் ஓடிப்போய் அப்பாவை இழுத்து வந்தாள். என் வீட்டுக்காரர் வாசலில் செருப்பைக் கழற்றவே நெடுநேரம் எடுத்துக்கொண்டார். விஷயத்தைச் சொன்னதும் முகம் செத்துவிட்டது.

"ஊசி போட்ட அன்னைக்கே குத்திட்டா ஒரே அழுகையில ரெண்டும் முடிஞ்சிரும்னு நெனச்சேன்லா மச்சான். புள்ள பாவமேன்னுதான்."

முதலில் அண்ணிதான் சிரித்தாள். பிறகு அண்ணன் இருமுகிற மாதிரி ஆரம்பித்து, கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார். இந்த ஆளோடு போயா இத்தனை வருஷம் கோபித்துக்கொண்டிருந்தேன் என்று தலையில் அடித்துக்கொண்டார்.

எங்கள் சண்டையை மதம் உண்டாக்கவில்லை. ஆனால் அது சும்மாவும் இருக்கவில்லை, சண்டைக்கு ஒரு பெயர் கொடுத்தது. பெயர் கிடைத்ததும் காரணத்தைத் தேடுவதை எல்லோரும் விட்டுவிட்டோம். மடிக்காக வந்த கோபம் என்று தெரிந்திருந்தால் மறுநாளே போய்க் காலில் விழுந்திருப்பேன். சாமிக்காக வந்த கோபம் என்றால் யார் போய் யாரிடம் என்னவென்று மன்னிப்புக் கேட்பது? நாடுகளின் சண்டையைப் பற்றி எனக்கு என்ன தெரியும். ஆனாலும் இப்போதெல்லாம் செய்தியில் மதம் என்று சொன்னால், அதற்கு முன்னால் என்ன நடந்தது என்று கேட்கத் தோன்றுகிறது. யாருடைய நிலம் போனது, யாருடைய தண்ணீரை மறித்தார்கள், யாரைக் கேட்காமல் விட்டார்கள் என்று.

அன்றைக்குக் கிளம்பும்போது என் மகள்தான் ஆரம்பித்தாள். கல்யாணத்துக்கு முன்னால் காதில் இன்னொரு ஓட்டை போடலாம் என்று இருக்கிறாளாம், அவள் கூட்டாளிகள் எல்லோரும் போட்டிருக்கிறார்களாம். "மாமா, நீங்க வாறீங்களா?"

அடுத்த வாரம் அண்ணன் வேட்டி கட்டிக்கொண்டு மலாக்கா நகைக்கடைக்கு வந்தார். அதே கடை. என் வீட்டுக்காரருக்கு அங்கே வந்து நிற்கவே வெட்கம். அண்ணன் சோபாவில் நிமிர்ந்து உட்கார்ந்தார். ஆளுயரம் வளர்ந்த மகள், கல்யாணப் பெண், கடையின் தரையில் மண்டியிட்டு மாமன் மடியில் தலையைச் சாய்த்தாள். கடைப்பெண் சிரிப்பை அடக்கிக்கொண்டு, அந்த மிளகுத் தோட்டைக் கழுவித் துடைத்து எடுத்து வந்தாள்.

"இதுக்காகவா இத்தன வருஷம்?" என்று என் வீட்டுக்காரர் என் காதில் கேட்டார்.

"இதுக்குத்தான்," என்றேன்.

கடைப்பெண் குனிந்து காதில் புள்ளி வைத்தாள். வைத்த கையை உடனே எடுத்துவிட்டு அண்ணனை நிமிர்ந்து பார்த்தாள்.

"மாமா, தொடை ஆடுது. கொஞ்சம் ஆடாம இருங்க."

அண்ணனால் முடியவில்லை. என் வீட்டுக்காரர் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து, அவர் முழங்காலை இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டார்.