விலாசம் மன்னாரில், பசி கற்பிட்டியில்

நிவாரணப் பட்டியல் எழுதுறவனை ரெண்டு வகை ஆக்கள்தான் ஏசுவாங்க: பேர் விடுபட்டவங்களும், பேர் சேர்ந்தவங்களும். கோயில்லயோ பள்ளிவாசல்லயோ பேனை பிடிச்சு ஏச்சு வாங்கின எல்லாருக்கும் நான் சொல்றது விளங்கும். கொரோனா காலம் முழுக்க, கற்பிட்டிக் கரையில ஒரு சின்னக் கத்தோலிக்கக் கோயில்ட பங்குச் சபைச் செயலாளரா இருந்து அந்தப் பேனையைப் பிடிச்சவன் நான்.

மீன் டின்

முதல் ஊரடங்கு. வள்ளம் கடலுக்குப் போய் வந்தாலும் மீன் ஏத்த லொறி வரல. வாங்க ஆளில்லாம சூடை மீன் கரையில நாறிக் கிடந்தது. அந்த நேரம் பார்த்துக் கொழும்பில இருந்து ஒரு உபகாரி அனுப்பின பொதிகள் வந்து இறங்கிச்சு. அரிசி, பருப்பு, சீனி, பால்மா, அதோட ரெண்டு மீன் டின். கட்டினது கட்டினபடியே குடுக்கணும், ஒண்டையும் மாத்தக்கூடாது எண்டு கட்டளை.

முதல் பொதியை மரியதாஸ் அண்ணனுக்குக் குடுத்தன். பிறந்ததில இருந்து கடல் தொழில் செய்ற மனுஷன். டின்னைத் திருப்பித் திருப்பிப் பார்த்திட்டு, சிரிக்காமலே கேட்டார்: "தம்பி, இந்த மீனை ஏத்த மட்டும் லொறி எங்கயிருந்து வந்தது?"

படம்

பொதி வாங்குற ஒவ்வொருத்தரையும் படம் எடுத்து அனுப்பணும். பின்னால உபகாரிட பேர் போட்ட பதாகை, முன்னால பொதி, நடுவில முகம். முகம் தெளிவா விளங்கணும் எண்டு சொல்லியிருந்தாங்க. அதால, காலையில கோயில் ஒலிபெருக்கியில "முகக்கவசம் இல்லாம வராதீங்க" எண்டு கத்தின நானே, பின்னேரம் வரிசையில நிண்டு "கொஞ்சம் கழட்டுங்க" எண்டு கெஞ்சினன். மரியதாஸ் அண்ணன்ட மனிசிக்குச் சரியான கோவம்.

"மூடச் சொன்னதும் நீங்க, திறக்கச் சொல்றதும் நீங்க. கொரோனாட்டயும் சொல்லிட்டீங்களா?"

விதானை கடிதம்

இதை எழுதக் கை கூசுது. நிஹாரா எண்டு ஒரு பிள்ளை. தொண்ணூறாம் ஆண்டு சண்டையில மன்னார்ல இருந்து முஸ்லிம் சனத்தை விரட்டினப்ப உம்மாட இடுப்பில இருந்து வந்தவ. அதில இருந்து எங்களுக்குப் பக்கத்து அகதிக் குடியிருப்பிலதான் வளர்ந்து, கலியாணம் கட்டி, ரெண்டு பொம்பிளைப் பிள்ளையும் பெத்தா. ஆனா பதிவு மட்டும் மன்னார்ல. எண்டைக்காவது திரும்பிப் போவம் எண்டு அவட வாப்பா மாத்த விடல.

புருஷன் கொழும்பில மூட்டை தூக்குறவர், ஊரடங்கில அங்கயே மாட்டிட்டார். பிள்ளைகளுக்குக் காலையில இருந்து வெறுந்தேத்தண்ணிதான், பால்மாவாவது தாங்க எண்டு கேட்டு வந்தா. உபகாரிட சட்டம், இந்த ஊர் ஆள்தான் எண்டு விதானை, அதான் கிராம சேவகர், எழுதின கடிதம் இல்லாம பொதி இல்ல. போய்க் கடிதம் வாங்கிட்டு வாங்க எண்டன். மறுநாள் வெறுங்கையோட வந்தா. எனக்குப் பின்னால, ஃபாதர் இருக்கிற மிஷன் வீட்டு விறாந்தையில, ஆளில்லாத பொதி அஞ்சு அடுக்கிக் கிடந்தது. அவவும் கண்டா. அதில ஒண்டைத் தூக்கிக் குடுக்க எனக்கு நெஞ்சுரம் இருக்கல. கணக்குக் கேப்பாங்க எண்டு பயம். வெக்கக்கேடு, வேறென்ன சொல்ல?

அவ ஏசல. ஒண்டுதான் கேட்டா: "அண்ணன், மன்னார் விதானை நான் அங்க இல்ல எண்டு போன்ல சொல்றார். இங்கத்த விதானை நான் இங்க இல்ல எண்டு சொல்றார். நீங்களாவது பாத்துச் சொல்லுங்க, நான் எங்க நிக்கிறன்?"

எலி

அந்த அஞ்சு பொதியும் கடிதத்துக்காகக் காத்துக் கிடந்தது. ஒரு ஞாயிறு திறந்து பார்த்தா அரிசி விறாந்தை முழுக்க, பால்மாப் பெட்டியில ஓட்டை. கூட்டி அள்ளிக் கொண்டு நிண்டன். ஃபாதர் வந்து வாசல்ல நிண்டு பார்த்தார். சட்டத்தை மீற அவரும் துணியல, அதால என்னை ஏசவும் அவரால ஏலாது.

ஓட்டைப் பெட்டியைக் காட்டிக் கேட்டார்: "எலிட்ட கடிதம் வாங்கினீங்களா?"

சட்டி

அடுத்த வருஷம் எனக்கும் மனிசிக்கும் கொரோனா. சுகாதாரப் பரிசோதகர் வந்து வாசல்ல நோட்டீஸ் ஒட்டிட்டுப் போனார். தனிமைப்பட்ட வீட்டுக்குச் சாமான் குடுக்கக் கோயில்ல ஒரு படிவம் இருந்தது. அதில செயலாளர் கையெழுத்து வைக்கணும். செயலாளர் நான், உள்ள படுத்திருக்கிறன். பட்டியல்ல சேர்த்த சனம் எங்கட வேலிப் பக்கமே திரும்பிப் பார்க்கல. மூணாம் நாள் மனிசிக்கு எழும்ப ஏலாது, அடுப்பு மூட்ட எனக்கும் ஏலாது.

நோன்பு காலம். பின்னேரம் வேலிப் படலையடியில சத்தம் கேட்டு யன்னலால எட்டிப் பார்த்தன். நிஹாரா, முகத்தை மூடிக்கொண்டு, நோன்புக் கஞ்சிச் சட்டியை இறக்கி வைக்கிறா. அண்டைக்கு நான் வெறுங்கையோட அனுப்பின பிறகு, பக்கத்து வீடுகள் தங்கட சோத்தில பிச்சுக் குடுத்துத்தான் அந்தப் பிள்ளைகள் தப்பினது எண்டு எனக்குத் தெரியும். "என்னை மன்னிச்சிரு பிள்ளை" எண்டன். அவ சட்டியைப் படலைக்கு உள்பக்கம் தள்ளி வச்சிட்டுச் சொன்னா:

"கடிதம் வேணாம், படமும் வேணாம். குடிச்சிட்டு சட்டியை மட்டும் கழுவி வைங்க அண்ணன், நாளைக்கும் கொண்டுவரணும்."

எழும்பி நடக்கத் தொடங்கின அண்டைக்கே புதுப் பட்டியல் கொப்பியில முதல் பேரா, கடிதம் கேக்காமலே, நிஹாராட பேரை எழுதிட்டன். பொதிதான் அதுக்குப் பிறகு எங்கட கோயிலுக்கு ஒண்டும் வரல.