லேமினேட் செய்த கடிதமும் ஆங் மோ கியோ இரும்பு கேட்டும்

முதலில் ஒரு மன்னிப்பு. சிங்கப்பூரைப் பற்றி எவ்வளவோ பேர் எழுதிவிட்டார்கள். நான்கே நாள் இருந்துவிட்டு வந்தவள் எழுத என்ன இருக்கிறது என்று எனக்கே கூச்சமாக இருக்கிறது. பேருந்தில் மீதிச் சில்லறை கேட்கவே இரண்டு நிறுத்தம் யோசிக்கிறவள் நான். ஆனாலும் எழுத ஒரு காரணம் உண்டு. அது கடைசியில்.

என் அண்ணன் அருள் சிங்கப்பூரில் எட்டு வருடமாக வெல்டர். துவாஸ் தொழிற்பேட்டையில் ஒரு தொழிலாளர் விடுதியில் தங்கியிருந்தான். இந்த வருடம் அவனுக்கு ஆஸ்திரேலியாவில் ஒரு வேலை அமைந்தது. விக்டோரியா மாநிலத்தின் மேற்கே, விம்மரா வட்டாரத்தில் ஒரு சிற்றூர். தானியம் கொட்டிவைக்கும் பிரம்மாண்டமான இரும்புக் கலன்கள் செய்கிற பட்டறை. அந்தப் பக்கத்தில் வெல்டர் கிடைக்காமல் ஓர் இடம் ஒன்பது மாதமாகக் காலியாம். அதனால் முதலாளியே ஸ்பான்சர் செய்து வெளிநாட்டிலிருந்து ஆள் எடுக்கிறார். அண்ணன் கிளம்புவதற்குள் அவன் இருந்த ஊரை ஒரு முறை பார்த்துவிட வேண்டும் என்று ஜூன் மாதம் டிக்கெட் போட்டேன்.

கிளம்ப இரண்டு நாள் இருக்கும்போது விசா ஏஜென்ட்டிடமிருந்து மின்னஞ்சல். அண்ணன் ஆறு வருடம் வேலை பார்த்த பழைய கம்பெனியின் அனுபவக் கடிதம் செல்லாதாம். லேமினேட் செய்திருப்பதால் முத்திரை தெளிவாகத் தெரியவில்லையாம். கையெழுத்திட்ட அதே மேற்பார்வையாளர் புதுத் தாளில் எழுதி, தன் இப்போதைய தொலைபேசி எண்ணுடன் தர வேண்டும்; முத்திரை இல்லாவிட்டாலும் பரவாயில்லை, கூப்பிட்டு விசாரித்துக்கொள்வார்களாம். திங்கட்கிழமை மாலை ஐந்து மணிக்குள் வராவிட்டால் பட்டறை அடுத்த ஆளைப் பார்க்கும்.

லேமினேட் செய்யச் சொன்னது யார்? நான்தான். எங்கள் வீட்டில் முதல் பட்டதாரி நான். பட்டச் சான்றிதழ் கைக்கு வந்த சாயங்காலமே அதைப் பிளாஸ்டிக்குக்குள் அடைத்துவிட்டுத்தான் அம்மா சோறு போட்டார். அந்த ஜோரில், "அண்ணே, உன் பேப்பர் எல்லாத்தையும் போட்டுரு"ன்னு போனில் ஒரே நச்சரிப்பு. அவனும் போட்டுவிட்டான்.

சனிக்கிழமை காலை 10.40க்குத் திருச்சியில் விமானம். நான்கு மணி நேரப் பயணம். இரண்டரை மணி நேர வித்தியாசத்தையும் சேர்த்தால் அங்கே இறங்கும்போது மாலை 5.10. போக வர 18,400 ரூபாய், விசாவுக்கு 3,100. சாங்கி விமான நிலையத்திலேயே ரயில் ஏறி, எக்ஸ்போவில் மாறினால் நேராக லிட்டில் இந்தியா. ரயில் நிலைய வாசலில் அண்ணன் நின்றான். இரண்டு வருடத்துக்குப் பிறகு பார்க்கிறோம். "சாப்டியா புள்ள?" என்று கேட்டான். "ம்" என்றேன். கூச்சம் எங்கள் குடும்பச் சொத்து.

மேற்பார்வையாளர் பெயர் ஆரோக்கியசாமி. வேலையிடத்தில் எல்லோருக்கும் ராக்கி அண்ணன். ஓய்வு பெற்றுவிட்டார், பழைய எண்ணும் வேலை செய்யவில்லை. லிட்டில் இந்தியா பக்கத்துத் தேவாலயம் ஒன்றில் ஞாயிற்றுக்கிழமை தமிழ்த் திருப்பலிக்குத் தவறாமல் வருவார் என்பது மட்டும் அண்ணனுக்குத் தெரியும். மறுநாள் காலை லிட்டில் இந்தியாவின் தேக்கா சந்தையில் ஆளுக்கு இரண்டு பிராட்டா என்கிற பரோட்டா, ஒரு தே தாரிக் என்கிற ஆற்றிய டீ (இருவருக்கும் 9 வெள்ளி; டாலரை அங்கே வெள்ளி என்கிறார்கள்). பிறகு சிராங்கூன் சாலையிலிருந்து நடந்துபோகும் தூரத்திலிருந்த அந்தத் தேவாலயத்தின் வாசலில் நின்றோம். கூட்டம் வெளியே வர ஆரம்பித்தது.

"அதோ அவருதான். நீ போய்ப் பேசு," என்றான் அண்ணன்.

"எனக்கு அவரத் தெரியாதுண்ணே. நீ போ."

"வேணும்னா மட்டும் வந்து நிக்கிறான்னு நினைப்பாரு."

நாங்கள் இப்படி முறை வைத்துப் பயந்துகொண்டிருக்க, அவரே பார்த்துவிட்டார்.

"டேய் அருள்! என்னடா, தலை பாதி வெள்ளையாயிருச்சு? ஆறு கிறிஸ்மஸுக்குக் கூப்பிட்டேன், ஒரு தடவை வந்தியா நீ? இப்ப சர்ச் வாசல்ல நிக்கிற. என்ன, மதம் மாறிட்டியா?"

விஷயத்தைச் சொன்னேன். நான்கு வாக்கியம்தான், ஆனால் மூச்சு வாங்கியது. அவர் உடனே, "இதெல்லாம் ரோட்டுல நின்னு எழுதுற லெட்டரா? வீட்டுக்கு வாங்க லா," என்று அந்த ஊர் வழக்கில் சொல்லிவிட்டு ரயில் நிலையம் பக்கம் நடக்கத் தொடங்கிவிட்டார். அவர் வீடு இருந்த ஆங் மோ கியோவுக்கு முப்பத்தைந்து நிமிடம்.

அடுக்குமாடியில் ஒன்பதாவது மாடி. அந்த ஊர் வீடுகளில் கதவுக்கு முன்னால் ஓர் இரும்பு கேட் இருக்கும். அவர் வீட்டு கேட் திறக்கும்போது தரையில் உரசி, பல் கூசுகிற மாதிரி ஒரு சத்தம். அண்ணன் உள்ளே போகவில்லை. அங்கேயே குனிந்து கீலைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அவர் மனைவி ஸ்டெல்லா ஆன்ட்டி, "மூணு மாசமா இப்படித்தான். சாருக்கு முதுகு வலி, குனிய மாட்டாரு. நீ உள்ள வந்து சாப்பிடுப்பா," என்றார்.

"ஸ்பேனர் இருக்கா ஆன்ட்டி?" என்றான் அண்ணன்.

ராக்கி அண்ணன் என்னைப் பார்த்துச் சிரித்தார். "உங்க அண்ணனைச் சாப்பிட வான்னா வரமாட்டான் மா. எனக்கு இப்பதான் புரியுது. கேட் உடைஞ்சிருச்சுன்னு கூப்பிட்டிருக்கணும்."

அண்ணன் கேட்டோடு மல்லுக்கட்ட, அவர் சொல்லச் சொல்ல நான் மடிக்கணினியில் கடிதத்தைத் தட்டினேன். எந்தெந்த வகை வெல்டிங், எத்தனை வருடம், எந்தத் தேர்வு. எல்லாம் மனப்பாடமாக வைத்திருந்தார். அவர்களுடைய வேலையில் ஒவ்வொரு வெல்டருக்கும் ஓர் எண் உண்டு. பற்றவைத்த இணைப்பின் பக்கத்திலேயே அதைப் பொறித்துவிட வேண்டும். பிறகு எக்ஸ்-ரே எடுத்துப் பார்ப்பார்கள். தவறு இருந்தால் யாருடையது என்று ஒளிக்க முடியாது. அண்ணனின் எண் 43.

"ஆறு வருஷத்துல நாப்பத்திமூணு ஒரே ஒரு ஜாயின்ட்தான் ஃபெயில். அதைப் போடாத," என்றார். பிறகு, "இல்ல, போடு. உண்மையத்தான் எழுதணும். அன்னிக்கு என்ன ஆச்சு தெரியுமா? காலையில இருந்து ஃபோனை எடுத்து எடுத்துப் பார்த்துட்டு இருந்தான். தங்கச்சிக்கு ப்ளஸ் டூ ரிசல்ட்டாம். ரிசல்ட் வந்த பிறகு பண்ணின ஜாயின்ட் எல்லாம் கண்ணாடி மாதிரி."

நான் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். அண்ணன் இதை என்னிடம் சொன்னதே இல்லை. வாசலில் கேட்டை இருமுறை மூடித் திறந்தான். ஒரு சத்தமும் வரவில்லை. அதன் பிறகுதான் வந்து உட்கார்ந்தான். மீன் குழம்பை மூன்று முறை வாங்கிச் சாப்பிட்டான்.

சாயங்காலம் லிட்டில் இந்தியாவுக்குத் திரும்பி ஒரு ஜெராக்ஸ் கடையில் அச்செடுத்தோம். ராக்கி அண்ணனும் கூடவே வந்தார். எங்கள் கண்முன் கையெழுத்திட்டு, கீழே புது எண்ணையும் எழுதினார். கடைக்காரர் தாளை எடுத்துப் பார்த்து, "முக்கியமான பேப்பர் போலிருக்கே. லேமினேட் போட்டுரவா?" என்றார். மூன்று பேரும் ஒரே குரலில் "வேணாம்!" என்று கத்தினோம். என் வாழ்க்கையில் பொது இடத்தில் நான் கத்தியது அதுதான் முதல் தடவை.

திங்கட்கிழமை காலை 11.20க்குக் கடிதம் ஏஜென்ட்டுக்குப் போய்ச் சேர்ந்தது. அண்ணன் வேலைக்குப் போய்விட்டதால், துவாஸ் வரை தனியாக ரயிலில் போய் வந்தேன். ஒன்றேகால் மணி நேரம். பார்வையாளர் இடம் என்று எதுவும் கிடையாது. கிரேன்கள், லாரிகள், தொழிற்சாலைகள்தான். விடுதியை வெளியிலிருந்து பார்த்தேன். மாடி மாடியாகத் துணி காய்ந்தது. எட்டு வருடமாக அண்ணன் ஃபோனில் "நல்லாத்தான் இருக்கேன்" என்று சொன்ன இடம். செவ்வாய்க்கிழமை ஊருக்குத் திரும்பிவிட்டேன்.

போகிறவர்களுக்குச் சில விஷயங்கள். சிங்கப்பூர் வருகை அட்டையை இணையத்தில் நிரப்பக் கட்டணம் கிடையாது. காசு கேட்கும் தளம் வந்தால் மூடிவிடுங்கள். நான் தங்கியது லிட்டில் இந்தியாவில் படுக்கை வாடகைக்கு விடும் விடுதி, ஓர் இரவுக்கு 38 வெள்ளி, சுத்தமாக இருந்தது. ஞாயிறு மாலை அங்கே வார விடுமுறைக்கு வரும் நம்மூர்த் தொழிலாளர்களின் கூட்டம் நெரியும். கூட்டம் ஆகாதவர்கள் வேறு நாள் போங்கள். எனக்கென்னவோ அந்தக் கூட்டம்தான் பிடித்தது. வாரம் முழுக்கப் பேசாதவர்கள் எல்லாம் அன்றைக்குப் பேசுகிறார்கள். வெளிநாட்டு வேலைக்கு முயல்கிறவர்களுக்குத் தனியாக ஒன்று: அசல் தாள்களைப் பிளாஸ்டிக் உறையில் வையுங்கள், லேமினேட் செய்து ஒட்டிவிடாதீர்கள்.

போன வாரம் விசா வந்துவிட்டது. ஆகஸ்டில் அண்ணன் கிளம்புகிறான். அந்தச் சிற்றூரில் தமிழ்க் குடும்பம் ஒன்றுகூட இல்லை என்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமைக்குத் தேக்காவும் இல்லை, சிராங்கூன் சாலையும் இல்லை.

இப்போது காரணத்தைச் சொல்கிறேன். இதைப் படிப்பவர்களில் யாராவது விம்மரா பக்கம், ஒரு மணி, இரண்டு மணி நேரத் தொலைவில் இருந்தாலும் சரி, கீழே ஒரு வரி எழுதுங்கள். அண்ணனை ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு அழைக்க வேண்டும். சாப்பிட வா என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள், வரமாட்டான். கேட் உரசுகிறது என்று சொல்லுங்கள்.